அப்பா போன ‘ரைஸ் கப்பல்’ எப்படி மூழ்கியது?

உவர்மலையான் எழுதியது:

2023 ஜூன் மாதத்தில் கோர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பல் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்தபோது, 91 வயதான என் அப்பாவை மகன் ஓட்டோவில் ஏற்றிச் சென்று காட்டினான். கண் மங்கிவிட்டாலும் கப்பல் என்றால் அவர் விடமாட்டார். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது கப்பல் இல்லையடா, மாடிவீடு, நான் போனதுதான் கப்பல்” என்று சொன்னாராம். அன்றிரவே, தான் போன கப்பலைத் தேடிப் பிடித்துப் படம் காட்டும்படி பேரனிடம் கேட்டுக்கொண்டார். அந்தத் தேடல் முடிந்த இடத்திலிருந்துதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அப்பா இங்கே பிரித்தானியக் கடற்படைத் தளத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். சேர்த்து வைத்த சம்பளத்தோடு அப்பம்மாவின் இரண்டு காப்புகளை அடகு வைத்த காசையும் கொண்டு, கணக்கியல் படிப்பதற்காக 1954 இல் கொழும்பிலிருந்து சவுதாம்ப்டனுக்குக் கப்பலேறினார். அந்தக் கப்பலை எங்கள் வீட்டில் எல்லோரும் ‘ரைஸ் கப்பல்’ என்றே சொல்லி வந்தோம். அரிசி ஏற்றிப்போகும் கப்பலில் எப்படியோ இடம் பிடித்துப் போயிருக்கிறார் என்றுதான் சிறுவயதில் நான் நினைத்திருந்தேன். ‘வில்லியம் ரைஸ்’ என்று மகன் பல நாள் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. அது டச்சுக்காரரின் கப்பல் என்று பேச்சோடு பேச்சாக அப்பா ஒரு நாள் சொன்ன பிறகுதான், ரொட்டர்டாம் லொயிட் கம்பனியின் ‘வில்லெம் ரைஸ்’ அது என்று தெரிய வந்தது.

படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டியபோது அப்பா அதன் இரண்டு புகைபோக்கிகளையும் கவனிக்கவில்லை. “படகுகள் எங்கே தொங்குகின்றன, பார்” என்றார். மற்றக் கப்பல்களில் உயிர்காப்புப் படகுகள் மேல்தட்டில், அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருக்கும். இந்தக் கப்பலில் அவை விலாப்பக்கத்தில் தாழ்வாக, வரிசையாகச் செருகி வைத்தாற்போல இருந்தன. அதை வைத்துத்தான் தன் கப்பலை அவர் அடையாளம் கண்டார்.

அதே பக்கத்தில் கீழே, அந்தக் கப்பலின் பிற்காலப் பெயர் ‘அக்கிலே லாரோ’ என்று போட்டிருந்தது. மகன் அதை வாசித்ததும் அப்பா பேசாமல் இருந்துவிட்டார். அந்தப் பெயர் அவருக்குப் புதியதன்று. 1985 ஒக்டோபரில் பாலஸ்தீன ஆயுததாரிகள் எகிப்துக்கு அப்பால் அந்தக் கப்பலைக் கடத்தி, சக்கர நாற்காலியில் இருந்த லியோன் கிளிங்ஹோஃபர் என்ற அமெரிக்க முதியவரைச் சுட்டுக் கடலில் தள்ளிய செய்தியை வானொலியில் கேட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்களிடம் அவரே வந்து சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. 1994 இல் சோமாலியாவுக்கு அப்பால் அது எரிந்து மூழ்கிய செய்தியையும் அவர் கேட்டார். அந்த நாட்களில் பற்றரி கிடைப்பது பெரும்பாடு என்பதால், செய்தி முடிந்ததும் “பாவம்” என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வானொலியை நிறுத்தினார். தான் இரண்டு வாரத்துக்கு மேல் படுத்துறங்கிய கப்பலின் சாவுச் செய்தி அது என்பது 29 ஆண்டுகளாக அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

அப்பாவுடைய நினைவில் இன்றும் கலங்காமல் இருப்பது இரண்டாம் நாள் மதியச் சாப்பாடு. அந்தக் கப்பலின் பரிசாரகர்களில் அநேகர் ஜாவாக்காரர். அன்று வெள்ளிக்கிழமை என்பதால் அப்பா மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் வேண்டாமென்று கையால் காட்டியிருக்கிறார். தலையில் துணி கட்டியிருந்த பரிசாரகர் சிரித்துக்கொண்டே உள்ளே போய், வெறுஞ்சோறும் அவித்த கீரையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, சின்னக் கிண்ணம் ஒன்றை முன்னால் நகர்த்தி “சம்பல்” என்றாராம். கொழும்பை விட்டு ஒன்றரை நாள்கூட ஆகாத அப்பா அந்தச் சொல்லைக் கேட்டுக் கண்ணீர் விட்டிருக்கிறார். கிண்ணத்தில் இருந்ததோ தேங்காய்ப்பூ ஒரு துளியும் சேராத, மிளகாயை அரைத்த சிவப்பு விழுது. நம்முடைய சம்பலுக்குச் சொல் எங்கிருந்து வந்ததென்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

இப்போது அவர் தினமும் கேட்பது ஒரே கேள்விதான்: இரும்பால் செய்த கப்பல் எரிந்தால் எரியட்டும், அது ஏன் மூழ்க வேண்டும்? எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கப்பல் வேலை தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்தக் கப்பலிலோ அதன் கூட்டாளிக் கப்பல்களிலோ போன பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களின் நினைவுகளையும் எழுதுங்கள்.

கொட்டியாரன் எழுதியது:

ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நாங்கள் மூன்று தலைமுறையாகக் கடற்தொழில் செய்பவர்கள். விலைக்கு வாங்கிய வள்ளத்துக்குக்கூடப் பழைய பெயரை அழிக்க அப்பு விடமாட்டார். அழித்தால் கடல் அதை வேறு வள்ளம் என்று நினைத்து முதலிலிருந்து சோதிக்கும் என்பார். வில்லெம் ரைஸ் என்ற பெயரில் ஓடியவரை ஒன்றுமில்லை. பெயரை மாற்றினார்கள், கடத்தல், கொலை, நெருப்பு, கடைசியில் கடலடி. இதற்கு எஞ்சினியர் விளக்கம் தேவையா என்ன?

எஞ்சின் அறை எழுதியது:

கொட்டியாரன் தம்பி, பழைய பெயரில் ஓடியபோது ஒன்றும் நடக்கவில்லை என்பது சரியன்று. அதைப் பின்னால் சொல்கிறேன். வர்த்தகக் கப்பல்களில் எஞ்சின் பகுதியில் 28 ஆண்டுகள் வேலை செய்துவிட்டு இப்போது பாலையூற்றில் ஓய்வாக இருப்பவன் நான். அக்கிலே லாரோவில் நான் வேலை செய்ததில்லை. ஆனால் அந்தக் காலத்து டீசல் கப்பல்களின் வயிற்றுக்குள் நிறைய நாட்கள் கழித்திருக்கிறேன்.

அந்தக் கப்பல் பிறந்ததே இடைஞ்சலோடுதான். 1939 இல் நெதர்லாந்தின் ஃபிளிஸிங்கன் நகரில் அதற்கு ஏரா, அதாவது அடிக்கட்டை, வைத்தார்கள். போர் வந்து நாடு ஜெர்மானியர் கைக்குப் போனதால், பாதி கட்டிய உடல் ஆண்டுக்கணக்காகத் தளத்திலேயே கிடந்து, 1946 இல்தான் தண்ணீரில் இறங்கியது. பணயக் கைதியாகப் பிடித்து 1942 இல் ஜெர்மானியர் சுட்டுக்கொன்ற கம்பனி இயக்குநரின் பெயர்தான் வில்லெம் ரைஸ். 1947 டிசம்பரில் முதற்பயணம் தொடங்கியது. எட்டு சுல்சர் டீசல் எஞ்சின்கள், இரண்டு சுழலிகள், 21,000 தொன்னுக்கு மேல். அன்றைய கணக்கில் அது அருமையான கப்பல். படகுகளைத் தாழ்வாக வைத்ததும் வேலை தெரிந்தவன் செய்த வேலைதான். இறக்க வேண்டிய உயரம் குறைவதால், கப்பல் சாயும்போது படகு ஊசலாடி விலாவில் மோதும் ஆபத்தும் குறையும். பிற்காலத்துக் கப்பல்கள் பலவும் அந்த வழக்கத்தைப் பின்பற்றின.

இனி ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். 1994 நவம்பர் 30 ஆம் தேதி தென்னாபிரிக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கப்பலின் எஞ்சின் அறையில் தீப்பிடித்தது. ஏறத்தாழ ஆயிரம் பேர் கப்பலில் இருந்தார்கள். ஹவாயியன் கிங் என்ற எண்ணெய்க் கப்பலும் வேறு கப்பல்களும் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டன. அமெரிக்கக் கடற்படையின் கெட்டிஸ்பேர்க், ஹலிபேர்ட்டன் ஆகியவையும் உதவிக்கு விரைந்தன. இரண்டு பேர் இறந்தார்கள். ஆளில்லாமல் எரிந்துகொண்டே மிதந்த கப்பல் டிசம்பர் 2 ஆம் தேதி மூழ்கியது.

இரும்பு எரியாது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்துக் கப்பலில் இரும்பு வெறும் ஓடு. உள்ளே மரப்பலகைச் சுவர், மேலுக்கு மேல் பத்துப் பன்னிரண்டு முறை பூசிய பெயின்ற், கதவில்லாத அகலமான மரப்படிக்கட்டுகள், எண்ணெய் ஊறிப்போன குழாய் உறைகள். படிக்கட்டு அடுப்பின் புகைபோக்கிபோல வேலை செய்து, கீழே பிடித்த தீயை மேலே இழுத்துக்கொண்டு போகும். எஞ்சின் அறையில் எரிபொருள் குழாயொன்றில் தலைமயிரளவு வெடிப்பு விழுந்தால் போதும். எண்ணெய் பனிபோலப் பீய்ச்சிச் சூடான புகைக்குழாயில் படும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவன் நான். கடவுள் புண்ணியத்தில் ஐந்து நிமிடத்தில் அணைத்துவிட்டோம். ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதம் எனக்குப் பகலில்தான் தூக்கம் வந்தது.

தீ பிடித்த கப்பலைப் பெரும்பாலும் மூழ்கடிப்பது தண்ணீர்தான். மேல்தட்டுகளில் தீயை அணைக்கப் பாய்ச்சும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தளங்களில் தேங்கும். கலியாண வீட்டு ஆலாத்தித் தட்டில் தண்ணீர் வைத்து நடந்தவர்களுக்கு இது புரியும். தட்டு ஒரு பக்கம் ஒரு விரல் சரிந்தால் தண்ணீர் முழுவதும் அந்தப் பக்கம் ஓடிவிடும், உடனே தட்டு இன்னும் சரியும். கப்பலிலும் அதேதான். 1942 இல் நியூயோர்க் துறையில், நொர்மாண்டி என்ற மிகப்பெரிய பிரெஞ்சுக் கப்பல் கரையில் கட்டியபடியே கவிழ்ந்தது இப்படித் தேங்கிய தண்ணீரால்தான். இன்னொரு புறம், வெப்பத்தால் பக்கவாட்டு வட்டச் சன்னல்களின் கண்ணாடி உடையும், குழாய் இணைப்புகள் விரியும். கப்பல் சாயும்போது அந்த ஓட்டைகள் நீர்மட்டத்துக்கு வந்துவிடும். மின்சாரம் போன பிறகு தண்ணீரை இறைக்கப் பம்பும் ஓடாது. இரண்டு நாள் அப்படிக் கிடந்தால் எந்தக் கப்பலும் போய்விடும்.

பெயர் மாற்றம் பற்றி ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். 1956 இல் ஆந்திரேயா டோரியா என்ற இத்தாலியக் கப்பலை மோதி மூழ்கடித்த ஸ்டொக்ஹோம், 1948 இல் ஓடத் தொடங்கியது. அதன்பின் கிட்டத்தட்டப் பத்து முறை பெயர் மாறி, அஸ்டோரியா என்ற பெயரில் 2020 வரைக்கும் பயணிகளை ஏற்றியது. டைட்டானிக்குக்கோ ஒருவரும் பெயர் மாற்றவில்லை.

மனையாவெளிப் பேரன் எழுதியது:

எஞ்சின் அறை ஐயா “பின்னால் சொல்கிறேன்” என்று விட்டுவிட்டதை நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அது அன்னாசிக் கதை என்று பெயர் பெற்றது.

அம்மப்பா கொழும்புத் துறைமுகத்தில், கப்பல்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கும் கடை ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். 1953 ஜனவரியில் ஒரானிய என்ற டச்சுக் கப்பல் வருவதாக இருந்தது. அதற்காக அன்னாசி, தேசிக்காய், முட்டை, பச்சைக் கொச்சிக்காய் எல்லாம் கூடைகூடையாகக் கட்டி ஜெற்றியில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். கப்பல் வரவே இல்லை. ஜனவரி 6 ஆம் தேதி செங்கடலில் ஒரானியவும் எதிரே ஐரோப்பாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த வில்லெம் ரைஸும் மோதிக்கொண்டன. நடுக்கடலில் எதிர்ப்படும் கப்பல்கள் பயணிகள் கைகாட்டி மகிழ்வதற்காக வேகமாக, வெகு கிட்டத்தில் கடந்து போவது அந்தக் காலத்து வழக்கம். அந்தக் கூத்து அன்றைக்கு விபத்தாக முடிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஒரானியவின் முகப்பு நன்றாக நசுங்கிவிட்டது. கொழும்புக்குள் வந்தால் பாதுகாப்பில்லாத கப்பல் என்று தடுத்து வைத்துவிடுவார்களோ என்று பயந்து, அது கொழும்பை விட்டுவிட்டு நேரே ஜகார்த்தாவுக்குப் போய்விட்டது.

அம்மப்பாவுக்கு மோதலும் தெரியாது, ஜகார்த்தாவும் தெரியாது. மூன்று நாள் வெயிலில் இருந்த அன்னாசியில் அழுகினதைக் கழித்து, மிச்சத்தில் ஒரு சாக்கைத் தன் பங்காக வாங்கிக்கொண்டு, இரவுத் தபால் வண்டியில் திருமலைக்கு வந்திறங்கினார். அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் அன்னாசிக் கறி, அன்னாசிப் பச்சடி, அன்னாசி ஜாம் என்று ஒரே அன்னாசிதான். அம்மாவுக்கு அப்போது ஏழு வயது. நாக்கெல்லாம் புண்ணாகி அழுததாகச் சொல்வார். இன்றுவரை அவர் அன்னாசி தொடுவதில்லை. ஆகவே கொட்டியாரன் அண்ணா, பழைய பெயரிலேயே வில்லெம் ரைஸ் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சேதத்தைச் செய்திருக்கிறது.

கொட்டியாரன் எழுதியது:

அன்னாசிக்காக ஒரு படி இறங்கி வருகிறேன். மீதியை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

உவர்மலையான் எழுதியது:

நேற்று இரவு இவை எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆலாத்தித் தட்டு உதாரணத்தை மூன்று முறை வாசிக்கச் சொன்னார். பிறகு, “அப்படியென்றால் நெருப்பை அணைக்கப் போய்த்தான் தாண்டு போனதா” என்று கேட்டார். முழுவதும் அப்படியில்லை, சன்னல் வழியாகவும் தண்ணீர் வந்திருக்கும் என்று நான் எனக்குத் தெரிந்தவரை சொன்னேன்.

செங்கடல் மோதலைப் பற்றிக் கப்பலில் அவரும் கேள்விப்பட்டிருக்கிறார். சூயஸ் நெருங்கும்போது தூரத்தில் ஒரு பயணிகள் கப்பல் எதிர்த்திசையில் போயிருக்கிறது. எல்லோரும் தட்டின் விளிம்புக்கு ஓடியபோது, ஒரு மாலுமி சிரித்துக்கொண்டு, “இனிமேல் கிட்டப் போகமாட்டோம், போன வருடம் முத்தம் கொடுத்துவிட்டோம்” என்று ஆங்கிலத்தில் சொன்னாராம். அப்பாவுக்கு அது என்ன பகிடி என்று இப்போதுதான் விளங்கியிருக்கிறது.

எஞ்சின் அறை எழுதியது:

ஒரானிய என்ற பெயரை எடுத்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கொட்டியாரன் தம்பிக்கு இது வெல்லமாக இனிக்கும் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

டச்சுக்காரரின் பெரிய கிழக்கிந்தியப் பயணக் கப்பல்களில் பேர்போனவை மூன்று. வில்லெம் ரைஸ், ஒரானிய, அவற்றுக்கு முன்னே 1930 இல் ஓடத் தொடங்கிய யோஹான் வான் ஓல்டன்பார்னவெல்ட். இந்தோனேசியா தனிநாடானதும் அந்த வழியில் பயணிகள் குறைந்துபோகவே, மூன்றும் அவுஸ்திரேலியாவுக்குக் குடியேறிகளை ஏற்றும் வேலைக்குத் திரும்பின. ஆகாய விமானம் அதையும் பிடுங்கிக்கொண்ட பிறகு, மூன்றும் விலைபோய்ப் பெயர் மாறின. மூன்றும் எரிந்தன.

ஓல்டன்பார்னவெல்ட்டைக் கிரேக்கர் வாங்கி லக்கோனியா என்று பெயரிட்டார்கள். 1963 டிசம்பர் 22 இரவு, அத்திலாந்திக் தீவான மதெய்ராவுக்கு அப்பால், நத்தார்ப் பயணத்தில் தீப்பிடித்து 128 பேர் இறந்தார்கள். இழுத்துக்கொண்டு வரும் வழியில் கப்பல் மூழ்கியது. ஒரானியவை இத்தாலியின் லாரோ கம்பனி வாங்கி அஞ்செலினா லாரோ ஆக்கியது. 1979 மார்ச் 30 ஆம் தேதி கரீபியன் தீவான சென்ற் தோமஸில் கரையில் கட்டியிருந்தபோது எரிந்து, உடைப்பதற்காகப் பசிபிக் வழியாக இழுத்துச் செல்லும்போது செப்டெம்பரில் மூழ்கியது. கடைசியாக, அதே கம்பனி வாங்கிய வில்லெம் ரைஸ். இந்த இரண்டு லாரோ கப்பல்களும் 1965 ஓகஸ்ட் மாதத்தில், வேறு வேறு துறைகளில் திருத்தவேலையில் இருந்தபோதே ஒரு முறை தீப்பிடித்தவை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதை ராசி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்றும் ஒரே தலைமுறை, ஒரே விதமான மரவேலை. குளிர்சாதனமும் கூடுதல் விளக்கும் புதிய அறைகளும் தேவைப்பட்டபோது பழைய உடலுக்குள் புதிய வயர்களை இழுத்துச் செருகினார்கள். லக்கோனியாவில் தீ தொடங்கியது தலைமயிர் அலங்காரக் கடையில், மின்சார ஒழுக்கினால். பழைய வீட்டுக்குப் புது மாடி கட்டி, பழைய பியூஸ் கட்டையிலேயே ஏசியைக் கொழுவுகிறவர்கள் நம்முடைய ஊரிலும் இருக்கிறார்கள். எரிகிற பொருள் கொண்டு கட்டிய பயணிகள் கப்பல் சர்வதேசக் கடலில் ஓடக் கூடாது என்ற விதி முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2010 ஒக்டோபரில்தான் என்பதை நினைத்தால், எத்தனை ஆண்டுகள் இதை இழுத்தடித்தார்கள் என்று கோபம்தான் வருகிறது.

திருக்கடலூர் வாசகன் எழுதியது:

எரிந்த பயணிகள் கப்பலைத் தேடிச் சோமாலியாவுக்குப் போக வேண்டியதில்லை, நம்முடைய துறைமுகத்துக்குள்ளேயே ஒன்று கிடந்தது. 1942 ஏப்ரல் 9 ஆம் தேதி யப்பானிய விமானங்கள் திருமலையைத் தாக்கியபோது குண்டுபட்டு எரிந்த சகாய்ங் என்ற கப்பல் அது. ஹென்டர்சன் கம்பனிக்காரர் கிளாஸ்கோவுக்கும் பர்மாவுக்கும் இடையே ஆட்களையும் சாமானையும் ஏற்றி ஓட்டிய கப்பல். எரிந்து போன உடலை 1943 இல் துறைமுகத்துக்குள்ளேயே தாழ்த்தி, இறங்குதுறையாகப் பாவித்தார்கள். 2018 மார்ச் மாதத்தில் இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள், மாதக்கணக்காக ஓட்டைகளை அடைத்துத் தண்ணீரை இறைத்து அதை மறுபடி மிதக்க வைத்தார்கள். 75 ஆண்டுகளுக்குப் பின் வெளியே வந்த இரும்பில் சிப்பியும் மட்டியும் ஒரு சாணளவுக்கு ஒட்டியிருந்ததைப் படத்தில் பார்த்தேன். அதில் ரங்கூனுக்குப் போனவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவர்களில் ஒருவருடைய நினைவுகூட நம்மிடம் இல்லை. உவர்மலையான் அண்ணா, உங்கள் அப்பா சொல்வதை ஒலிப்பதிவு செய்து வையுங்கள்.

தெளிவத்தாள் எழுதியது:

நான் உல்லாசக் கப்பலில் போனவளல்ல. யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 பாதை பூட்டியிருந்த காலத்தில், 2007 இல், அம்மாவோடு காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பலில் வந்தவள். அதை இங்கே எழுதலாமா என்று தயங்கினேன். ஆனால் லக்கோனியாவைப் பற்றி வாசித்ததும் எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது.

பதிவுக்கும் சோதனைக்கும் நாட்கணக்காக அலைந்து, ஒடியலும் பனங்கட்டியும் கட்டிய பொதியை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தோம். கடல் கொந்தளிப்பாக இருந்தது. சத்தி எடுக்காதவர்கள் என்னைச் சுற்றி மூன்று பேர்தான். உயிர்காப்பு அங்கிகள் ஒரு மூலையில் குவித்துக் கிடந்தன. அவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டுவரை எண்ணியபோது மேலே ஆட்கள் வந்து சாய்ந்துகொண்டார்கள். அதை எப்படிக் கட்டுவது, மணி அடித்தால் எந்தப் பக்கம் போவது என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். அது எங்களுக்கு விளங்கும் மொழியில் இல்லை. விடியும் நேரத்தில் கோணேசர் மலை தெரிந்ததும், கப்பலில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து ஒரே பக்கமாக வந்து கும்பிட்டார்கள். அப்போது கப்பல் அந்தப் பக்கம் சற்றுச் சாய்ந்தது. அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் மற்றப் பக்கத்து வெறும் வாங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உவர்மலையான் அண்ணாவின் அப்பாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். வில்லெம் ரைஸில் அவருக்கு யாராவது அந்த அங்கியைக் கட்டிக் காட்டினார்களா?

எஞ்சின் அறை எழுதியது:

தங்கச்சி, தயங்காமல் எழுதியது நல்லது. நீங்கள் கேட்டது இந்த இழையின் நடுவில் வர வேண்டிய கேள்வி. லக்கோனியாவில் தீ பற்றியபோது, எச்சரிக்கை மணியின் சத்தம் பலருக்குக் கேட்கவே இல்லை. படகுகள் சிலவற்றை இறக்க முடியவில்லை. 128 பேரில் பெரும்பாலானவர்களைக் கொன்றது நெருப்பல்ல, குளிரும் கடலும் குழப்பமும்தான்.

இதற்கு மறுதலையாக ஓசியானோஸ் என்ற கிரேக்கக் கப்பலைச் சொல்லலாம். 1991 ஓகஸ்ட் 4 ஆம் தேதி தென்னாபிரிக்கக் கரைக்கு அப்பால், புயலில் எஞ்சின் அறைக்குள் தண்ணீர் புகுந்து மூழ்கியது. கப்பல் தலைவரோ, பயணிகள் எல்லோரும் இறங்குமுன்பே உலங்குவானூர்தியில் ஏறிப் போய்விட்டார். மிஞ்சியவர்களை ஒழுங்குபடுத்தி மேலே ஏற்றியவர்கள், இரவுக் கச்சேரிக்காக வேலைக்கு வைத்திருந்த கிற்றார்க்காரர் மொஸ் ஹில்ஸும் அவரோடு இருந்த கலைஞர்களும். 571 பேரும் தப்பினார்கள். அடுத்தவனுக்கு விளங்கும்படி நிதானமாக நாலு வார்த்தை சொல்ல ஒருவன் இருந்தால் அது எவ்வளவு பெரிய வேலை என்று அதிலிருந்து அறியலாம்.

சல்லிப் பொடியன் எழுதியது:

அப்படியென்றால் இப்போது வருகிற உல்லாசக் கப்பலில் அம்மாவையும் அப்பாவையும் அனுப்பலாமா, கூடாதா? அறுபதாம் கலியாணத்துக்கு அனுப்ப நினைத்திருக்கிறேன்.

எஞ்சின் அறை எழுதியது:

தாராளமாக அனுப்புங்கள் தம்பி. நான் மேலே சொன்ன மரச்சுவர்க் கப்பல்களின் காலம் போய்விட்டது. தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாய்களும் புகை கண்டுபிடிக்கும் கருவிகளும் இப்போது கட்டாயம். 2012 இல் கொஸ்தா கொன்கோர்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதியபோது, அன்று ஏறிய பயணிகளுக்குப் பயிற்சியே கொடுத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு விதியை மாற்றி, கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனேயே பயிற்சி நடத்த வேண்டும் என்று ஆக்கினார்கள். அந்த நேரத்தில் அம்மாவும் அப்பாவும் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல், தங்கள் அறையிலிருந்து கூடுமிடத்துக்கு ஒருமுறை நடந்து போய்ப் பார்க்க வேண்டும். படிகளை எண்ணிக்கொண்டு போகச் சொல்லுங்கள். புகையில் கண் தெரியாது, எண்ணிக்கை தெரியும்.

கொட்டியாரன் எழுதியது:

பெயர் மாற்றாத கப்பலாகப் பார்த்து அனுப்புங்கள்.

எஞ்சின் அறை எழுதியது:

எம்பிரஸும் பெயர் மாறிய கப்பல்தான் தம்பி. 1990 இல் அது நோர்டிக் எம்பிரஸ்.

உவர்மலையான் எழுதியது:

தெளிவத்தாள் தங்கச்சியின் கேள்வியை அப்பாவிடம் கேட்டேன். உடனே பதில் வந்தது. கொழும்பில், ஜெற்றியிலிருந்து லோஞ்ச்சில் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றிய அன்று மாலையே மணி அடித்து எல்லோரையும் படகுகளுக்குக் கிட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள். அறிவிப்பு முதலில் டச்சில், பிறகு ஆங்கிலத்தில். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியும், ஆனால் ஒலிபெருக்கி ஆங்கிலம் பிடிபடவில்லை. அங்கியின் நாடாவை வேட்டி முடிச்சுப்போல முடிந்துகொண்டு நின்ற அவரைப் பார்த்து, அந்த ஜாவாக்காரர் கிட்ட வந்து, முடிச்சை அவிழ்த்து, திரும்பக் கட்டிக் காட்டி, அவிழ்த்து, அவரையே கட்டச் சொல்லி, இரண்டு முறை செய்வித்தாராம். சம்பல் கொண்டுவந்து வைத்தவரும் அவரேதான். பெயர் கேட்டிருக்கிறார், இப்போது நினைவில்லை. சொல்லிக்கொண்டே வந்தவர், போர்த்தியிருந்த துவாயின் இரண்டு முனையையும் எடுத்து நெஞ்சுக்கு முன்னால் அந்த முடிச்சைப் போட்டுக் காட்டினார். 69 ஆண்டுகளுக்குப் பிறகும் விரல் தடுமாறவில்லை. தேநீர் வேட்டியில் சிந்தாமல் குடிக்க இப்போது அவரால் முடிவதில்லை.

திருக்கடலூர் வாசகன் சொன்னபடி ஒலிப்பதிவைத் தொடங்கியிருக்கிறோம். படகு வரிசையை மகன் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறான். அதன் கீழே எந்தப் பெயரை எழுதுவதென்று கேட்டதற்கு, “நான் போனபோது இருந்ததை எழுது” என்று அப்பா சொல்லிவிட்டார்.

அப்பா கொண்டுபோன தகரப் பெட்டி இன்னும் பரணில் இருக்கிறது என்று அம்மா நினைவூட்டியதால், அதையும் இன்று இறக்கினோம். பழைய பாய்களும் தலையணை உறைகளும்தான் உள்ளே இருந்தன. மூடியின் உட்பக்கத்தில் கம்பனியின் பயணப்பொதி அட்டை பாதி ஒட்டியபடி இருக்கிறது. இராமபாணப் பூச்சி தின்றது போக, ‘ரொட்டர்’ என்ற எழுத்துகளும் ஒரு சிவப்புக் கோடும் மிஞ்சியிருக்கின்றன. உரித்தால் தூளாகிவிடும் போலிருப்பதால், மூடியோடு சேர்த்துப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து நாளை இங்கே போடுகிறேன்.